தினம் ஐந்து ஆங்கிலச் சொற்கள் வேண்டாம்; இரண்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் ஐந்து கடினமான ஆங்கிலச் சொற்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருளும் வெளியாகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தக் கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இந்த வடிவத்தில் படித்தால் சொல் தங்காது. தப்பித்தவறித் தங்கினாலும் அரைகுறைப் பொருளோடுதான் தங்கும். சொல்வளம் கற்பிப்பதை வேலையாகக் கொண்டவர்கள் என்ற முறையில், இந்தப் பகுதியை நிறுத்த வேண்டாம், மாற்றியமையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் கோளாறு, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கணக்கு. 'மிட்டிகேட்', 'அலீவியேட்', 'அலே', 'அஸ்வேஜ்', 'அபேட்' ஆகிய ஐந்துக்கும் பட்டியல்களில் 'குறை' அல்லது 'தணி' என்றுதான் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்தவர் ஐந்தையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று நினைப்பார். போட்டால் வாக்கியம் நொண்டும். 'மிட்டிகேட்' என்பது ஒரு கேட்டின் கடுமையைக் குறைப்பது. ஆபத்து, பாதிப்பு, சேதம் ஆகிய சொற்களோடு வரும். 'அலீவியேட்' என்பது ஒருவர் படும் துன்பத்தை இலேசாக்குவது; வலி, வறுமை, போக்குவரத்து நெரிசல் ஆகியவற்றோடு வரும். காரணம் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 'அலே' அச்சம், ஐயம், கவலை போன்ற மனக்கலக்கத்துக்கே உரியது. 'அலே பாவர்ட்டி' என்று எழுதினால் படிப்பவர் அந்த இடத்தில் தடுக்கி நிற்பார். 'அஸ்வேஜ்' பெரும்பாலும் குற்ற உணர்வு, துக்கம், பசி ஆகியவற்றோடு சேரும். 'அபேட்' இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. புயலோ காய்ச்சலோ கோபமோ தானாக அடங்குவதைத்தான் அது பெரும்பாலும் குறிக்கும்.

தமிழில் 'தணிந்தது', 'தணித்தது' என்று சொன்னாலே எது தானாக நடந்தது, எது பிறர் செய்தது என்று தெரிந்துவிடும். பட்டியலில் 'தணி' என்று மட்டும் போடும்போது அந்த வேறுபாடு மறைகிறது. அதனால்தான் 'டாக்டர் காய்ச்சலை அபேட் செய்தார்' என்ற பாணியில் வாக்கியங்கள் வருகின்றன. கட்டத்தில் 'அபேட்: தானாகத் தணிதல்' என்று ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் பாதிப் பிழை குறைந்திருக்கும். இதே வரிசையில் இன்னொரு பொறி, 'மிட்டிகேட் அகெயின்ஸ்ட்'. அப்படி ஒரு தொடர் முறையான ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. ஒன்றுக்கு எதிராகச் செயல்படுவதைக் குறிக்கும் 'மிலிட்டேட் அகெயின்ஸ்ட்' என்ற தொடரோடு குழம்பியதால் வருவது அது. ஆங்கிலேயரே கூட இதில் சறுக்குவதுண்டு.

ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதிதான். மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1950-களில் வலியுறுத்திய கருத்து இது; இன்று கற்போருக்காகத் தயாரிக்கப்படும் அகராதிகளில் இதற்கென்றே இடம் ஒதுக்குகிறார்கள். ஆகவே ஆங்கிலம்-தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஏறக்குறைய 2,000 முதல் 3,000 வரையிலான எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் தரும் கற்போர் அகராதிகள் இருக்கின்றன. பொருளை முதலில் தமிழில் பிடிக்கலாம், தவறில்லை. ஆனால் கூடி வரும் சொற்களையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் அந்த ஆங்கில அகராதியிலிருந்தே எடுக்க வேண்டும். வாக்கியத்தை நாமே இட்டுக்கட்டினால் தமிழ் அமைப்பில் ஆங்கிலச் சொற்களை அடுக்குவோம். பிறகு அந்தத் தவறையே மனப்பாடம் செய்வோம்.

தமிழ் வழியாகச் சிந்திப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம், சொல்லுக்குப் பின்னால் வரும் சின்னஞ்சிறு சொல். நம்மிடம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைத் தனிச்சொல் செய்கிறது, எது வரும் என்பதைச் சொல்லுக்குச் சொல் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நினைப்பில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' தனக்குப் பின்னால் எதையும் கேட்பதில்லை. 'எம்ஃபஸைஸ் ஆன்' என்பதும் பிழை. 'எம்ஃபஸிஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'ஆன்' வருவதைப் பார்த்து வினைச்சொல்லுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். 'கன்ஸிஸ்ட் ஆஃப்' சரி என்பதால் 'கம்ப்ரைஸ் ஆஃப்' என்று எழுதுவது மூன்றாவது. உயர்நிலைச் சொற்களுக்கு இந்த ஒட்டு இன்னும் முக்கியம்: 'கன்டியூசிவ்' என்றால் 'டு', 'டிவாய்ட்' என்றால் 'ஆஃப்', 'கமென்ஷரெட்' என்றால் 'வித்', 'கன்டின்ஜென்ட்' என்றால் 'ஆன்', 'டான்டமௌன்ட்' என்றால் 'டு'. இவற்றைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒட்டோடு சேர்த்து ஒரே சொல்லாகவே எழுதி, ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும்.

அடுத்தது தொனி. 'ஃப்ரூகல்', 'பார்ஸிமோனியஸ்' இரண்டுக்கும் 'செலவைக் குறைக்கும்' என்று பொருள் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலாவது சிக்கனம், இரண்டாவது கஞ்சத்தனம். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் பட்டியல்தான். 'நொட்டோரியஸ்' என்பதற்கு 'புகழ்பெற்ற' என்று அச்சிட்ட பட்டியல்கள் புழங்குகின்றன. அதை நம்பி விண்ணப்பக் கடிதத்தில் ஒரு நிறுவனத்தைப் பாராட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகழ் என்றால் 'ரினவுண்ட்'. கெட்ட பெயர் என்றால் 'நொட்டோரியஸ்'.

தொனியில் இன்னொரு பக்கம், சொல்லின் உயரம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் அறிஞர் எழுத்து வழியாக இலத்தீன் சொற்களும் பழைய ஆங்கிலத்தின்மேல் அடுக்கடுக்காகப் படிந்தன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' இலத்தீன். நண்பனிடம் 'ஆஸ்க்' செய்கிறோம். போலீஸ் 'இன்டராகேட்' செய்கிறது. மேலடுக்குச் சொல்லைப் போட்டால்தான் உயர்ந்த ஆங்கிலம் என்று நினைத்து 'ஐ இன்டராகேட்டட் மை டீச்சர்' என்று எழுதுபவருக்கு இந்த அடுக்கை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அகராதியில் 'முறையான நடை', 'பேச்சு நடை', 'பழக்கம் குன்றியது' என்று பொருள்படும் குறிகள் இருக்கும். பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

இனி எண்ணிக்கை. நாளைக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 1,825. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒருமுறை அச்சான சொல் மறுபடி அந்தப் பக்கத்தில் தலைகாட்டுவதே இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் படித்துப் பார்த்தார். ஒரு நாள் கழித்துப் படித்தபோது, முதல்முறை செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. இந்த எண்ணை எல்லாப் படிப்புக்கும் அப்படியே பொருத்திப் பேசுகிறவர்கள் உண்டு, அது சரியல்ல. பொருளுள்ள சொல் அவ்வளவு விரைவாக மறக்காது. ஆனால் மறதியின் போக்கு ஒன்றுதான்: முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், மிஞ்சியது மெல்ல மெல்லக் கரையும். ஆகவே முதல் மறுபார்வை மறுநாளே வந்தாக வேண்டும். அதன்பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

இதற்கு எளிய கருவி, இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரவலாக்கிய ஐந்து அறைப் பெட்டி. ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் வாக்கியமும் எழுதிய அட்டைகளை அதில் வைக்க வேண்டும். புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில்; அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். இரண்டாம் அறையை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எந்த அறையில் இருந்தாலும் தவறாகச் சொன்ன அட்டை முதல் அறைக்கே திரும்பும். இடைவெளி ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே போனால் குடிமுழுகிவிடாது. குடிமுழுகும் இடம் வேறு: 'ஏதோ தெரிந்த மாதிரி இருக்கிறது' என்று அட்டையை அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவது. பொருளை வாய்விட்டுச் சொல்லி, கூடி வரும் சொல் ஒன்றையும் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். நான்கைந்து முறை முதல் அறைக்கே திரும்பி வரும் அட்டை இருந்தால் குறை நினைவாற்றலில் இல்லை, அட்டையில் இருக்கிறது. வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

கைப்பேசியில் இதையே 'அன்கி' போன்ற செயலிகள் செய்கின்றன. இடைவெளியை அவையே கணக்கிடும் என்பது வசதி. ஆனால் நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்று அமைத்துவிட்டுத் தொடங்கினால் சில வாரங்களில் மறுபார்வை மட்டுமே நாளொன்றுக்கு 200-ஐ நெருங்கும். மூன்று நாள் விட்டுப்போனால் குவியலைப் பார்த்தே செயலியை அழித்துவிடுவார்கள். புதியவை நாளைக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. குவிந்துவிட்டால் புதியதை நிறுத்துங்கள், மறுபார்வையை நிறுத்தாதீர்கள். பிறர் தயாரித்து வைத்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதும் பெரும்பாலும் வீண்தான். பழைய 'ஒரு சொல், ஒரு பொருள்' பட்டியலைத்தான் அவற்றில் பலவும் திரையில் காட்டுகின்றன. அட்டையை நாமே எழுதும்போதுதான் பாதிப் படிப்பு நடக்கிறது.

வெட்டி ஒட்டிய நோட்டை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் உரைப்பகுதிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிப்பது ஏன் இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிட வெற்றியே விடை. பக்கத்தின் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது சிரமமாக இருக்கும். அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது.

எந்தச் சொற்கள் என்ற கேள்வியில் தங்கள் பகுதி மட்டுமல்ல, பெரும்பாலான வழிகாட்டிகளும் கோட்டை விடுகின்றன. அரிய சொல் என்றால் உயர்ந்த சொல் என்ற மயக்கம். 29 எழுத்துகள் கொண்ட 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' வரை பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். ஒன்றை மதிப்பற்றதாகக் கருதுவது என்பது அதன் பொருள். அந்தச் சொல்லையே அப்படிக் கருதிவிடலாம். ஆங்கில மொழி ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் ஏறக்குறைய 2,000 பொதுச்சொற்களைத் தொகுத்தார். சொல்வள ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில், அந்தப் பொதுச்சொற்களுக்கு வெளியே, எல்லாத் துறைக் கல்வி நூல்களிலும் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைப் பத்துப் பிரிவுகளாக அடுக்கினார். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இந்த 570 குடும்பங்களே நிரப்புகின்றன. கதை இலக்கியத்தில் இவற்றின் பங்கு 1.4 விழுக்காடுதான். மேற்படிப்புக்கும் கட்டுரை எழுதவும் சொல் தேடுபவர் இங்கிருந்து தொடங்கலாம். நாவல் படிக்க விரும்புபவருக்கு இந்தப் பட்டியல் அவ்வளவு உதவாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்களில் மீண்டும் மீண்டும் வரும் சொற்களை இதன்மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சொற்குடும்பம் என்றால், ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும். 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிகல்' எல்லாம் ஒரே குடும்பம். வினையை மட்டும் கற்றுவிட்டுப் பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் திணறுவது வழக்கமான காட்சி. நான்கையும் ஒரே அட்டையில் எழுதலாம்; புதிய சுமை அதிகமில்லை.

அகர வரிசையில் படிப்பதைத் தயவுசெய்து யாரும் பரிந்துரைக்க வேண்டாம். 'அபேஸ்', 'அபாஷ்', 'அபேட்', 'அபெட்', 'அபேயன்ஸ்', 'அபோர்' என்று அடுத்தடுத்துப் படித்தால் வடிவம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது எதற்குப் பொருள் என்பதே குழம்பிவிடும். ஒரே பொருளுள்ள சொற்களை ஒரே நாளில் புதிதாகக் கற்பதிலும் இதே ஆபத்து. பொருளால் நெருங்கிய சொற்களைக் கூட்டாகக் கற்பது கூடுதல் கடினம் என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-இலேயே காட்டியிருக்கிறார். நம் நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒரே செய்யுளில் கட்டித் தந்தன, அது எப்படிப் பயன்பட்டது என்று கேட்கலாம். அந்தச் செய்யுளை ஓதியவர்கள் தமிழுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். வேற்றுமொழிச் சொல்லைப் புதிதாகப் பிடிக்கும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். அப்படியானால் மேலே 'மிட்டிகேட்' முதலான ஐந்து சொற்களை ஒப்பிட்டோமே, அது எப்போது? ஒவ்வொன்றும் தனித்தனியாக, சில வார இடைவெளியில் கற்கப்பட்டு, மூன்றாம் அறையைத் தாண்டிய பிறகு. ஒப்பீடு என்பது நிலைத்துவிட்ட சொற்களுக்கு இடையே எல்லை வகுக்கும் வேலை. நிலைக்காத சொற்களை ஒப்பிட்டால் எல்லையே அழியும்.

வேர்ச்சொல் வழியாகக் கற்பதைப் பலரும் புகழ்கிறார்கள். நியாயமான புகழ்தான், அளவோடு. இலத்தீனில் மந்தையைக் குறிக்கும் 'கிரெக்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 'கிரிகேரியஸ்' என்றால் கூடிப் பழகும் இயல்புள்ள. 'காங்கிரிகேட்' என்றால் ஓரிடத்தில் கூடுதல். 'செக்ரிகேட்' என்றால் கூட்டத்திலிருந்து பிரித்து வைத்தல். 'அக்ரிகேட்' என்றால் ஒன்றாகத் திரட்டியது. நான்கும் ஒரே நூலில் கோத்தாற்போல வந்துவிடுகின்றன. ஐந்தாவதாக 'இக்ரீஜியஸ்'. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பதுதான் அதன் பழைய கருத்து. ஒருகாலத்தில் பாராட்டாகவும் வழங்கியது. இன்று அது மன்னிக்க முடியாத அளவுக்கு மோசமான தவறு, மீறல் ஆகியவற்றோடு வரும் வசைச்சொல். வேரை மட்டும் நம்பிப் பொருளை ஊகித்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

முன்னொட்டுகளிலும் கண்ணி உண்டு. 'இன்' என்றால் எதிர்மறை என்று படித்தவர் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய டப்பாவைத் தீப்பிடிக்காத பொருள் என்று எண்ணிவிடலாம். அது எளிதில் தீப்பற்றும் பொருளுக்கான எச்சரிக்கை. 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது. 'பெடஸ்ட்ரியன்' என்பதில் வரும் வேர் இலத்தீனில் பாதம். 'பெடகாகி' என்பதில் வருவது கிரேக்கத்தில் குழந்தை. ஆகவே முறை இதுதான்: அகராதியில் பொருளை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், அதன் பிறகு வேரைப் பாருங்கள். அறிந்த பொருளைப் பிடித்துவைக்க வேர் நன்றாக உதவும். அறியாத பொருளைக் கண்டுபிடிக்க அதை நம்பக்கூடாது.

ஒலிப்பைத் தங்கள் பகுதி தருவதே இல்லை. தந்தாலும் தமிழ் எழுத்தில் மட்டும் போதாது என்பது உண்மைதான். பாராட்டு என்ற பொருளுள்ள சொல்லும், நிறைவாக்குவது என்ற பொருளுள்ள சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'காம்ப்ளிமென்ட்'. நடுவில் 'ஐ' எழுத்து வந்தால் பாராட்டு, 'இ' எழுத்து வந்தால் நிறைவாக்குவது. 'பிரின்சிபல்', 'டிஸ்க்ரீட்' ஆகியவற்றிலும் இதே கதை. எனவே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெரிய எழுத்திலும் தமிழ் ஒலிப்பைக் கீழேயும் அச்சிடலாம். எழுத்தைப் பார்த்து வாசித்துப் பழகியவர்கள் 'எபிடோம்' என்று சொல்லும் சொல் 'இபிட்டமி'. 'ஹைபர்போல்' அல்ல, 'ஹைபர்பலி'. 'இன்டிக்ட்' அல்ல, 'இன்டைட்'. 'சப்டில்' அல்ல, 'சட்டில்'. இவற்றைத் தவறாக ஒலித்துப் பழகியவர், சரியான ஒலிப்பைக் காதில் கேட்கும்போது தனக்குத் தெரிந்த சொல்தான் அது என்றே உணர மாட்டார். கேட்டல் தேர்வில் இதனால் போகும் மதிப்பெண்கள் ஏராளம்.

அசையழுத்தமும் உண்டு. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல் மாறிவிடாது. அதனால் நாம் எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாவதில், 'அனலிட்டிகல்' என்பதில் மூன்றாவதில். அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் போட்டால் கூடுதலாக ஒரு வரிகூட ஆகாது.

தமிழ் ஒலியை வைத்து நினைவுச் சூத்திரம் கட்டும் பழக்கமும் இருக்கிறது. ஒளிவுமறைவின்றிப் பேசுவதைக் குறிக்கும் 'கேண்டிட்' என்ற சொல்லுக்குக் 'கண்டதைக் கண்டபடி சொல்வது' என்று கட்டலாம். நன்றாகவே வேலை செய்யும். இத்தகைய முறையை அட்கின்சன், ராவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975-இல் சோதித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். பத்துச் சொற்களில் ஒன்றுக்கு, அதுவும் எந்த வழியிலும் பிடிபடாத சொல்லுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கட்டினால் சூத்திரங்களை நினைவில் வைக்கவே தனிப் படிப்பு வேண்டியிருக்கும், ஒலிப்பும் கெடும்.

அட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வளம் முழுமையாகாது, வாசிப்பு வேண்டும். அதிலும் அளவு பார்க்க வேண்டும். சுற்றியுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருந்தால்தான் தெரியாத சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து ஓரளவு ஊகிக்க முடியும். 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துத் தெரியாத சொற்களை எண்ணிப் பாருங்கள். ஆறுக்குள் இருந்தால் அந்த நூல் உங்களுக்கு ஏற்றது. பதினைந்தைத் தாண்டினால் நூலை மாற்றுங்கள். அந்த நிலையில் நடப்பது வாசிப்பல்ல, அகராதி புரட்டல். பொதுவான நாவல்களையும் நாளிதழ்களையும் இந்த 98 விழுக்காட்டு வசதியோடு படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். பயப்பட வேண்டாம், அத்தனையையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்த்தால் புரிய வேண்டிய சொற்கள் வேறு, எழுத்தில் எடுத்தாள வேண்டிய சொற்கள் வேறு. இரண்டாவது வகைக்கு அட்டையின் பின்புறம் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம் எழுதிவைத்து நிரப்பிப் பார்க்க வேண்டும். முதல் வகைக்கு அது தேவையில்லை.

இனி எங்கள் கோரிக்கை. திங்கள் முதல் வெள்ளி வரை நாளைக்கு இரண்டு சொற்கள் போதும். வாரத்துக்குப் பத்து என்றால், மேலே சொன்ன 570 குடும்பங்களும் 57 வாரங்களில் முடிந்துவிடும். சனிக்கிழமை புதிய சொல் எதுவும் வேண்டாம். முந்தைய வாரத்துச் சொற்களில் ஐந்து, ஒரு மாதத்துக்கு முந்தியவற்றில் ஐந்து என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி. விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாமல் மறுநாள் தாருங்கள். ஞாயிறன்று அந்த வாரத்துப் பத்துச் சொற்களும் இயல்பாக வரும் 300 சொல் உரைப்பகுதி ஒன்று. எழுதுபவர் சொற்களை வலிந்து திணிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஏழு வந்தாலும் பரவாயில்லை.

ஒரு சொல்லுக்கான கட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்கு மாதிரி ஒன்று தருகிறோம். சொல்: 'கமென்ஷரெட்', அழுத்தம் இரண்டாம் அசையில். வகை: பெயரடை, முறையான நடை. பொருள்: ஒன்றின் அளவுக்கோ தகுதிக்கோ ஏற்ற. ஒட்டு: 'வித்'. கூடி வருபவை: சம்பளம், அனுபவம், பொறுப்பு, தண்டனை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். வாக்கியம்: 'தி சாலரி வில் பி கமென்ஷரெட் வித் எக்ஸ்பீரியன்ஸ்.' எச்சரிக்கை: இது 'சமம்' அல்ல, இரண்டு எண்கள் சமம் என்று சொல்ல 'ஈக்வல்' மட்டுமே. இப்படி இரண்டு கட்டங்கள் போட, இப்போதைய ஐந்து வரிப் பட்டியலைவிடச் சற்றுக் கூடுதல் இடம் பிடிக்கும்; பக்கத்தின் ஓரத்தில் வரும் அலங்காரப் படத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஆங்கிலச் சொல்வளப் பயிற்றுநர்கள்